வயருக்கா, வாய்க்கா?

வீட்டில் ஃபேன் ரெகுலேட்டரின் வயர் தீய்ந்துவிட்டது. எலக்ட்ரீஷியன் வர மூன்று நாள் ஆகும் என்றார். நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று அம்பாசமுத்திரம் கடைத்தெருவில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போய் கட்டிங் பிளேயர் கேட்டேன். சிவப்பு ரப்பர் உறை போட்ட கைப்பிடி, எண்ணெய் மினுங்கும் வாய். கடைக்காரர் அதை இரண்டு தடவை டக் டக்கென்று மூடித் திறந்து காட்டிவிட்டு, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் கேட்டார்:

“வயருக்கா அண்ணாச்சி, வாய்க்கா?”

கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் பெயின்ட் டப்பாக்களைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 2023 மார்ச்சில் எங்கள் ஊர் இந்தியா முழுக்கத் தெரிந்த ஊராயிற்று. விசாரணைக்கு அழைத்துப் போனவர்களின் பல்லைக் கட்டிங் பிளேயரால் பிடுங்கியதாகவும், கல்லைக் கொண்டு உடைத்ததாகவும் அம்பாசமுத்திரம் உட்கோட்டத்தின் உதவிக் காவல் கண்காணிப்பாளர் மீது புகார் கிளம்பியது. அம்பை, கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம் என மூன்று காவல் நிலையங்களின் பெயர் அடிபட்டது. சார் ஆட்சியர் விசாரித்தார். அது போதாதென்று மூத்த ஐ.ஏ.எஸ். அதிகாரி அமுதா விசாரித்தார். அப்புறம் சி.பி.சி.ஐ.டி. வந்தது. அதிகாரி பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். 2024 ஜனவரியில் அந்த நீக்கமும் நீக்கப்பட்டது. வழக்கு நடக்கிறது. தீர்ப்பு வரும்வரை இது குற்றச்சாட்டுதான், குற்றம் அல்ல. அந்த மரியாதையை நான் கொடுத்துவிடுகிறேன். பல்லுக்கு அந்த மாதிரி அவகாசம் எதுவும் கொடுக்கப்படவில்லை என்பதுதான் புகார்.

விசாரணையின் ஆரம்பத்தில் ஒருவர், கீழே விழுந்ததில் பல் போயிற்று என்று சொன்னதாகச் செய்தி வந்தது. பல்லு போனா சொல்லு போச்சு என்று எங்கள் பாட்டிமார் சொன்னது வெற்றிலை இடிக்கும் உரலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான். அது புலன் விசாரணை முறையாகவும் பயன்படும் என்று அவர்களுக்குத் தெரியாது. ஆற்றுக்கு அக்கரையில் கல்லிடைக்குறிச்சி. அப்பளத்துக்குப் பேர்போன ஊர். அப்பளத்தை நொறுக்கக்கூடப் பல் வேண்டும் என்கிற அளவுக்கு எங்கள் வட்டாரத்தின் மனித உரிமைச் சிந்தனை சுருங்கிப்போனது.

இனி ராணுவத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். பல்லுக்கும் ராணுவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கட்டிங் பிளேயரைப் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு டீக்கடைக்கு வந்தால், அங்கே சுபேதார் மாமா பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சம்பந்தம் அவர் வாயிலிருந்துதான் வந்தது.

அதற்கு முன்னால் ‘ஸ்பெஷல்’ என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. டீக்கடையில் ஸ்பெஷல் டீ என்றால் சாதா டீயில் பால் கொஞ்சம் கூட. ஓட்டலில் ‘ஸ்பெஷல் சாதா’ என்றே ஒரு தோசை உண்டு. அது என்ன தத்துவம் என்று இதுவரை யாரும் விளக்கவில்லை. எங்கள் ஊரில் உண்மையாகவே விசேஷமான ஒன்று உண்டென்றால் அது நெல். இங்குள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ஏ.எஸ்.டி. 16, ஜனங்கள் வாயில் அம்பை 16. எந்த ரகத்தோடு எந்த ரகத்தைச் சேர்த்தார்கள், எத்தனை நாளில் அறுவடை, எந்த ஆண்டு வெளியிட்டார்கள் என்று அதன் பூர்வீகம் முழுக்கத் தாளில் இருக்கிறது. ஒரு நெல்மணியைப் பார்த்து நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டால் அது பதில் சொல்லும்.

அரசாங்கத்தின் ஸ்பெஷல் அப்படி அல்ல. திருச்சியில் ‘சிறப்பு முகாம்’ என்று ஒன்று இருக்கிறது. ஈழத்துக்காரர்களைப் பிடித்து அடைத்துவைக்கும் இடம் அது. சிறப்பு என்னவென்றால், சிறை என்று பெயர் கிடையாது. 1958-இல் வந்தது ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம். அதன் சிறப்பைக் கொஞ்ச நேரத்தில் பார்ப்போம். காவல்துறையில் ‘தனிப்படை’. அரசாங்கம் ஒரு பெயருக்கு முன்னால் சிறப்பு என்றோ தனி என்றோ போட்டால், அங்கே வழக்கமான கேள்விகள் செல்லாது என்று அர்த்தம்.

மாமாவின் பேப்பரில் முப்படைகளின் சிறப்புப் படைகளை எல்லாம் ஒரே கட்டளையகத்தின் கீழ் கொண்டுவர வேண்டும் என்று யாரோ ஓய்வுபெற்ற ஜெனரல் எழுதியிருந்தார். “இந்தாளும் ஆரம்பிச்சிட்டாரு” என்றார் மாமா. பிறகு டீ மாஸ்டரிடம் பேனா வாங்கி, வடை மடிக்கும் தாளில் படம் போட்டார்.

“தரைப்படைக்குப் பாரா எஸ்.எஃப். அறுபத்தாறுல ஒன்பதாவது பாரா கமாண்டோ பட்டாலியனை வச்சு ஆரம்பிச்சது. கடற்படைக்கு மார்க்கோஸ், எண்பத்தேழு. விமானப்படைக்காரன் சும்மா இருப்பானா, ரெண்டாயிரத்து நாலுல கருட். இந்த மூணும் பாதுகாப்பு அமைச்சகம். என்.எஸ்.ஜி. இருக்கே, கறுப்புப் பூனை, அது உள்துறை. அதுல அடிக்கப் போறவன் பட்டாளத்துக்காரன், தலைவர் ஐ.பி.எஸ். சக்ராத்தாவுல திபெத்துக்காரங்களை வச்சு அறுபத்திரண்டு சீனா சண்டையப்போ ஆரம்பிச்ச எஸ்.எஃப்.எஃப். ஒண்ணு இருக்கு, அது கேபினட் செயலகத்துக்குக் கீழ. பிரதமரைக் காக்கிற எஸ்.பி.ஜி.யும் அங்கனதான். காட்டுக்குள்ள மாவோயிஸ்டைப் பிடிக்க சி.ஆர்.பி.எஃப்.ல கோப்ரா. ஆந்திராவுல கிரேஹவுண்ட்ஸ். மும்பை அடிபட்ட பெறவு மகாராஷ்டிராவுல ஃபோர்ஸ் ஒன். நம்ம தமிழ்நாட்டுக்கும் ஒரு கமாண்டோ படை.”

தாளில் இடம் போதவில்லை. ஓரத்தில் ஒரு வட்டம் போட்டு அதை இரண்டு தடவை சுழித்தார்.

பங்காளிச் சண்டை நடக்கிற வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறேன். கிணறு ஒன்று. அண்ணன் தம்பி நாலு பேர். நாலு பம்புசெட். மழை பொய்த்த வருஷம் நாலும் ஒரே நேரத்தில் ஓடும், ஒருத்தர் வயலும் நனையாது. தீப்பிடித்தால் எந்த மோட்டாரைப் போடுவது என்று பஞ்சாயத்து.

தீப்பிடிக்கத்தான் செய்தது. 2008 நவம்பர் 26 இரவு ஒன்பதரை மணிவாக்கில் மும்பையில் பயங்கரவாதிகள் சுடத் தொடங்கினார்கள். கறுப்புப் பூனைகள் இருந்தது டெல்லிக்கு அருகே மானேசரில். அவர்களைத் தூக்கிப்போகும் விமானம் இருந்தது சண்டிகரில். பூனை ஓர் ஊர், கூடை ஓர் ஊர். விமானம் டெல்லி வந்து, ஆட்களை ஏற்றி, மும்பையில் இறங்கும்போது விடியப்போகிறது. விமான நிலையத்திலிருந்து தாஜ் ஓட்டலுக்கு நகரப் பேருந்தில் போனார்கள். டிக்கெட் கேட்டார்களா என்று தெரியவில்லை. அதற்கு அடுத்த வருஷம்தான் சென்னை, மும்பை, ஐதராபாத், கொல்கத்தாவில் பூனைகளுக்கு வீடு கட்டினார்கள்.

அமெரிக்காக்காரனும் இதே கூத்தை ஆடியவன்தான். 1980 ஏப்ரலில் ஈரானில் பிணையாக இருந்தவர்களை மீட்கப் போனார்கள். ஹெலிகாப்டர் கடற்படையுடையது, ஓட்டியவர்களில் பெரும்பாலோர் மரைன், பெரிய விமானம் விமானப்படை, சண்டைக்காரர்கள் தரைப்படை. ஆளுக்கொரு பங்கு. பாலைவனத்தில் ஹெலிகாப்டர் விமானத்தில் மோதி எட்டுப் பேர் எரிந்து செத்தார்கள். எதிரி ஒரு குண்டுகூடச் சுடவில்லை. அவமானம் தாங்காமல் விசாரணை வைத்து, நாடாளுமன்றத்தில் சட்டம் போட்டு, 1987 ஏப்ரலில் எல்லாச் சிறப்புப் படைகளையும் ஒரே தலைமையின் கீழ் கொண்டுவந்தார்கள். அந்தத் தலைமை பிற்பாடு உலகமெங்கும் போய் என்னென்ன செய்தது என்பது வேறு கதை. வீட்டுக் கணக்கை மட்டும் நேராக்கிக்கொண்டார்கள்.

அதே 1987. அக்டோபர் 11 இரவு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். அமைதி காக்கப் போன இந்தியப் படை, புலிகளின் தலைமையைத் தூக்கிவிடலாம் என்று ஹெலிகாப்டரில் கமாண்டோக்களையும் சீக்கியக் காலாட்படையையும் இறக்கியது. புலிகள் வானொலித் தகவலை ஒட்டுக்கேட்டுக் காத்திருந்தார்கள். பத்தாவது பாரா கமாண்டோக்கள் ஒரு பக்கம் மாட்டிக்கொண்டார்கள். பதின்மூன்றாவது சீக்கியக் காலாட்படையிலிருந்து இறங்கியவர்கள் முப்பது பேர். அடுத்த ஹெலிகாப்டர் வரவில்லை. இருபத்தொன்பது பேர் செத்தார்கள், ஒருவர் பிடிபட்டார். மறுநாள் கமாண்டோக்களை மீட்க டாங்கிகள் போயின. கொக்குவில் பிரம்படி ஒழுங்கையில் அப்போது செத்த சனங்களுக்கு அங்கே இன்றும் வருஷா வருஷம் விளக்கேற்றுகிறார்கள். டெல்லியின் கணக்கில் இருபத்தொன்பதும் ஆறும் இருக்கின்றன. ஆறு, கமாண்டோக்களின் இழப்பு. ஒழுங்கைக்குக் கணக்கில் பத்தி இல்லை.

ஒரு யாழ்ப்பாணமும் ஒரு மும்பையும் ஆன பிறகு, நரேஷ் சந்திரா குழு 2012-இல், முப்படைகளின் சிறப்புப் படைகளை ஒரு சிறப்புக் கட்டளையகத்தின் கீழ் கொண்டுவாருங்கள் என்று எழுதிக் கொடுத்தது. 2018-இல் ஒப்புதல் வந்து 2019-இல் ஆக்ராவில் ஒன்று பிறந்தது. கட்டளையகம் அல்ல; ஒரு மேஜர் ஜெனரலின் கீழ் ஒரு ‘டிவிஷன்’. தேர் கேட்டவனுக்குச் சப்பரம். முப்படையும் கொஞ்சம் கொஞ்சம் ஆள் கொடுத்தன. பங்காளிகள் யாரும் மோட்டாரைக் கழற்றவில்லை. கிணற்றடியில் ஐந்தாவதாக ஒன்று வைத்தார்கள், அவ்வளவுதான்.

“யாரு கையில கயிறு இருக்குங்கிறதுதான்வே இத்தனை சண்டையும்” என்றார் மாமா. அவர் பாராவில் இருந்தவர் அல்ல, ஆனால் பக்கத்தில் இருந்து பார்த்தவர். பாரா சிறப்புப் படையின் அடையாளமான பலிதான் பேட்ஜ் வாங்குகிறவன் ரம் நிறைந்த கிளாஸின் அடியில் கிடக்கும் அதைப் பல்லால் கவ்வி எடுக்க வேண்டுமாம். பிறகு கிளாஸின் விளிம்பைக் கடித்து மென்று விழுங்க வேண்டுமாம். “அப்பேர்ப்பட்ட பல்லு!” என்றார். அவருடையது செட்டுப் பல். வடையை டீயில் முக்கித்தான் தின்பார்.

அவன் கிளாஸை மெல்லட்டும். அந்த மாதிரி ஆட்களின் தைரியத்தைக் கேலி செய்ய எனக்கு வாயில்லை. ஃபேன் வயரைத் தொடவே எனக்கு நடுக்கம். என் கேள்வி அந்த வடைத் தாளில் இருந்த கோடுகளைப் பற்றி. எல்லாக் கோடுகளும் மேலே போகின்றன: பட்டாலியனிலிருந்து தலைமையகம், தலைமையகத்திலிருந்து அமைச்சகம், அமைச்சகத்திலிருந்து பிரதமர் அலுவலகம். பதக்கம் அந்தக் கோட்டில் இறங்கி வரும். தவறாகச் சுட்டுவிட்டால் எந்தக் கோட்டில் போய்க் கேட்பது?

நாகாலாந்தில் மோன் மாவட்டம், ஓட்டிங் கிராமம். 2021 டிசம்பர் 4, சனிக்கிழமை. நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்காக வீட்டுக்குத் திரும்புகிறார்கள். சுரங்கம் இருக்கும் பகுதியின் பெயர் திரு. ஒரு பிக்கப் வண்டியில் எட்டுப் பேர். பதுங்கியிருந்தது இருபத்தொன்றாவது பாரா சிறப்புப் படை. தீவிரவாதிகள் என்று நினைத்துச் சுட்டார்கள். ஆறு பேர் செத்தார்கள். ஆட்கள் வரக்காணோமே என்று தேடிப்போன கிராமத்தார், பிணங்கள் வேறொரு வண்டியில் சுற்றிவைக்கப்பட்டிருந்ததைப் பார்த்தார்கள். கைகலப்பு. ஒரு கமாண்டோ செத்தார். மறுபடி துப்பாக்கிச் சூடு, இன்னும் ஏழு பேர். மறுநாள் மோன் நகரில் ஒருவர். பொதுமக்கள் மொத்தம் பதினாலு.

உள்துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில், வண்டியை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டியும் நிற்காமல் வேகமெடுத்தது என்றார். பிழைத்த ஒருவர், யாரும் நிறுத்தச் சொல்லவே இல்லை என்றார். நாகாலாந்துக் காவல்துறையின் சிறப்புப் புலனாய்வுக் குழு (பாருங்கள், விசாரிக்கவும் சிறப்புதான்) ஒரு மேஜர் உட்பட முப்பது பேர் மேல் குற்றப்பத்திரிகை போட்டது. ஆள் யார் என்று உறுதிப்படுத்தாமல் சுட்டார்கள் என்றது. ஆனால் அந்த 1958-ஆம் வருஷச் சட்டத்தின் சிறப்பு இப்போதுதான் வருகிறது: மத்திய அரசு அனுமதி கொடுக்காமல் வழக்கு நடத்த முடியாது. பாதுகாப்பு அமைச்சகம் அனுமதி மறுத்தது. அதை நாகாலாந்துக் காவல்துறை வெளியே சொன்னது 2023 ஏப்ரலில். எங்கள் ஊர்ப் பல் செய்தி பேப்பரில் முன்பக்கத்திலிருந்து உள்பக்கத்துக்கு நகர்ந்துகொண்டிருந்த அதே வாரங்களில். 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், அனுமதி இல்லாததால் வழக்கை முடித்துவைத்தது. அனுமதி கிடைத்தால் தொடரலாம் என்றது. ராணுவம் விரும்பினால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம் என்றது. விரும்பினால்.

முப்படையும் உள்துறையும் கேபினட் செயலகமும் ‘என் படை, உன் படை’ என்று நாற்பது வருஷமாகக் கட்டிப் புரள்கின்றனவே, ஓட்டிங்கில் மட்டும் ஏன் ஒருத்தரும் ‘என் படைதான், நான்தான் அனுப்பினேன்’ என்று முன்னால் வரவில்லை? வெற்றி பெற்ற பிள்ளைக்கு ஆறு தகப்பன். இதற்கு மட்டும் அநாதை இல்லம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேட்கலாம் என்பீர்கள். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் என்.எஸ்.ஜி.யும் எஸ்.எஃப்.எஃப்.பும் சி.ஆர்.பி.எஃப்.பும் விலக்குப் பெற்று உட்கார்ந்திருக்கின்றன. மனித உரிமை மீறல் என்றால் கேட்கலாம் என்று ஒரு பொந்து வைத்திருக்கிறார்கள்; தகவல் ஆணையம் சம்மதித்தால் 45 நாளில் பதில். மீறல்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியது யார்? உட்காருங்கள், டீ சாப்பிடுங்கள்.

வடக்கத்திக் கதை என்று ஒதுக்க வேண்டாம். வீரப்பனைப் பிடிக்கத் தமிழ்நாடும் கர்நாடகமும் சிறப்பு அதிரடிப் படை வைத்திருந்தன. மாதேஸ்வரன் மலை முகாமில் ஒரு கொட்டடிக்கு ‘ஒர்க் ஷாப்’ என்று பெயர். லாரிக்கு டிங்கரிங் செய்யும் இடம் என்று நினைத்துவிடாதீர்கள். மலைக்கிராமத்துச் சனங்களை அங்கே கொண்டுபோய் மின்சாரம் பாய்ச்சியதைச் சொல்லி அழுதவர்களை நீதிபதி சதாசிவா குழு உட்கார்ந்து கேட்டது. 2004 அக்டோபர் 18-இல் பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் கொல்லப்பட்டதும், தமிழக அதிரடிப் படையினர் 752 பேருக்கும் தலா மூன்று லட்சம் ரூபாய், ஒரு வீட்டு மனை, ஒரு படி பதவி உயர்வு. சுமார் இருபத்திரண்டரைக் கோடி. அடிபட்டவர்களில் 89 பேருக்குத் தேசிய மனித உரிமை ஆணையம் இழப்பீடு சொன்னது 2007-இல். இரண்டு கோடியே எண்பது லட்சம். வகுத்துப் பாருங்கள்: சராசரி மூன்று லட்சத்துச் சொச்சம். படைக்காரனுக்கும் மூன்று, ஒர்க் ஷாப்பில் கிடந்தவனுக்கும் மூன்று! இதைவிடச் சமத்துவத்தை எந்த நாட்டில் பார்க்க முடியும்? மனையும் பதவி உயர்வும்தான் பாக்கி. கரண்டு வாங்கின கிழவிக்கு எந்தப் பதவிக்கு உயர்வு கொடுப்பது என்று குழம்பியிருப்பார்கள்.

752 பேரும் அடித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. காட்டில் அட்டையும் கொசுவும் கடிக்க மாதக்கணக்காகக் கிடந்தவன் அதில் இருந்தான். ஒர்க் ஷாப்பில் சுவிட்ச் போட்டவனும் இருந்திருக்கலாம். யார் எவன் என்று பிரிக்காமலே கொடுத்தார்கள். பிரித்தால் பெயர் வந்துவிடும். பெயர் வந்தால், யார் சொல்லிச் செய்தாய் என்ற கேள்வி வந்துவிடும்.

அந்தக் கேள்வி ஒரு தடவை உரக்கக் கேட்கப்பட்டது. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் காளி கோயில் காவலாளி ஒருவரை, நகை காணவில்லை என்ற புகாரில், மானாமதுரைப் பக்கத்துத் தனிப்படைக்காரர்கள் கொண்டுபோனார்கள். பிணமாகத்தான் கிடைத்தார். உடலில் நாற்பத்து நாலு காயம். முதல் தகவல் அறிக்கை போடுவதற்கு முன்னால் தனிப்படை யார் உத்தரவில் போனது என்று மதுரைக் கிளை நீதிபதிகள் கேட்டார்கள். பதிலுக்கு அரசாங்கம் என்ன செய்தது? மாநிலம் முழுக்க அங்கீகாரமில்லாத தனிப்படைகளைக் கலைக்க உத்தரவு போட்டது. ரசித்துப் படியுங்கள். தாளில் பிறக்காத படையை, தாளில் கலைத்தார்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு இறப்புச் சான்றிதழ். எத்தனை படை இருந்தது, எத்தனை கலைந்தது என்று எதை வைத்து எண்ணுவார்கள்?

எங்கள் பக்கம் மணிமுத்தாறில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் பட்டாலியன்கள் இருக்கின்றன. காலையில் பையன்கள் சாலையோரம் ஓடுகிறார்கள். நல்ல பிள்ளைகள், பாதிப் பேர் நம் சாதிசனத்துப் பிள்ளைகள்தான். மேலே மாஞ்சோலை. அந்தத் தோட்டத்துத் தொழிலாளிகளுக்காக 1999 ஜூலை 23-இல் நெல்லையில் ஊர்வலம் போனவர்களைத் தடியால் அடித்து ஆற்றுக்குள் விரட்டினார்கள். பதினேழு பேர், அதில் இரண்டு வயது ஆகாத ஒரு குழந்தை. அப்போதும் விசாரணைக் கமிஷன் வந்தது, போனது. அதே தாமிரபரணிதான் எங்கள் ஊர் வழியாகவும் ஓடுகிறது. குளிக்கிறோம், நெல் விளைகிறது, யாரும் தண்ணீரிடம் எதுவும் கேட்பதில்லை.

“நீரு கேக்கிற கோடு எந்தப் படத்துலயும் வராது பாத்துக்கிடும்” என்றார் மாமா. “முக்கியமான உத்தரவு போன்லதான் வரும். எழுத்துல வராது.”

“எழுத்துல குடுங்கன்னு கேட்டா?”

“கேட்டவன் அடுத்த மாசம் வேற ஊர்ல ஸ்டோர் கணக்குப் பாத்துக்கிட்டிருப்பான்.”

டீ மாஸ்டர் மாமாவின் படத்திலேயே இரண்டு வடையை வைத்து யாருக்கோ மடித்துக் கொடுத்துவிட்டார். நான் வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தேன். உள்ளே கடைக்காரர் பில் வைத்திருந்தார். தேதி, வரி, தொகை, அவர் கையெழுத்து, வாங்கியவர் பெயர் என்ற இடத்தில் என் பெயர். கீழே ரப்பர் ஸ்டாம்பு: ‘சரக்கில் குறை இருந்தால் ஏழு நாளுக்குள் இந்தப் பில்லுடன் வரவும்.’